50 எண்டு எழுதின பாட்சுக்குள்ள என்ன இருக்கு

தோலில ஒட்டுற ஹோர்மோன் பாட்ச் ஒண்டின்ட பெட்டியில 50 எண்டு போட்டிருந்தா அதுக்குள்ள 50 மைக்ரோகிராம் மருந்து இருக்கெண்டு தான் கனபேர் நினைப்பினம். இல்ல. அமெரிக்காவில விக்கிற கிளைமாரா எண்ட கிழமைக்கொண்டு மாத்திற பாட்சை எடுங்கோ, அதில 50 மைக்ரோகிராம் எண்டு சொல்லுற சைசுக்குள்ள இருக்கிறது 3.8 மில்லிகிராம் எஸ்ட்ராடையோல் எண்ட ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன், அதாவது 3800 மைக்ரோகிராம். அந்த 50 எண்டது ஒரு நாளைக்கு உடம்புக்குள்ள போற அளவு. ஏழு நாளைக்கும் கூட்டினா 350. மிச்சம், பத்தில ஒன்பது பங்குக்கு மேல, பாட்சோடயே குப்பைக்குப் போகுது.

இவ்வளவு விலையான சாமானை ஏன் இப்பிடி வீணாக்குறாங்கள் எண்டு கேட்டது லண்டன் மச்சாள். ஆடிவேல் பாக்கவெண்டு வந்து வெள்ளவத்தையில எங்கட பிளட்டில நிண்டவா, 52 வயசு, பீரியட்ஸ் நிண்டாப்பிறகு உடம்பு குபீரெண்டு சூடாகிறதும் இரவில நைட்டி நனையிற அளவுக்கு வேர்க்கிறதும் தாங்கேலாமப் போய் அங்க டொக்டர் பாட்ச் குடுத்திருக்கிறார். நான் ஏ.எல் பிள்ளையளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறனான், அதனால எங்கட சொந்தத்துக்குள்ள நான் தான் அரைவாசி டொக்டர், குளிசை பெட்டியில எழுதியிருக்கிறதெல்லாம் எனக்கு விளங்கும் எண்டு ஒரு நம்பிக்கை. "நீ படிப்பிக்கிறனி தானே, இது என்ன கணக்கெண்டு சொல்லு பாப்பம்" எண்டா. சரி, உண்மையிலயே நல்ல கேள்வி, வகுப்பில கூட ஒருத்தரும் இப்பிடிக் கேக்கிறதில்ல.

முதல்ல தோலைப் பத்திக் கதைக்கோணும். தோல் எதையும் உள்ள விடுறதுக்காக வச்ச சாமான் இல்ல. மேலால இருக்கிற செத்த கலங்கள்ட படை ஒண்டு இருக்கு, அதின்ட தடிப்பு 0.01 மில்லிமீட்டரில இருந்து 0.02 வரைக்கும் தான், உள்ளங்கை உள்ளங்காலில மட்டும் கூட. அந்த மெல்லிசு தான் எங்கட உடம்புத் தண்ணி வெளிய போகாமலும் வெளியில இருக்கிறது உள்ள வராமலும் வச்சிருக்கு. கல்லும் சாந்தும் வச்சுக் கட்டின மதில் மாதிரி எண்டு தான் இதைப் பத்தி எழுதுறாக்கள் எல்லாரும் சொல்லுவினம். கல்லு எண்டது கெரட்டின் எண்ட புரதம் நிறைஞ்ச தட்டையான கலங்கள், சாந்து எண்டது அதுக்கிடையில இருக்கிற கொழுப்பு, செரமைட்டும் கொலஸ்ட்ரோலும் கொழுப்பமிலங்களும். மருந்து மூலக்கூறு கல்லைத் துளைச்சுக் கொண்டு போறதில்ல, சாந்துக்குள்ளால சுத்தி வளைஞ்சு போகுது, 0.02 மில்லிமீட்டர் தடிப்பைத் தாண்ட அதை விடக் கனமடங்கு தூரம் போகோணும். அதனால தான் இவ்வளவு நேரம் எடுக்குது, அதனால தான் எல்லா மருந்தாலயும் போகவும் ஏலாது.

போகக்கூடியது எது? சின்னனா இருக்கோணும், கொழுப்பில கரையோணும், ஆனா கொழுப்பிலயே தங்கிப் போற அளவுக்கு இருக்கவும் கூடாது, ஏனெண்டா அந்தப் படையைத் தாண்டினா கீழ இருக்கிறது தண்ணித்தன்மையான இடம், அங்க தான் மெல்லிய ரத்தக்குழாய்கள் இருக்கு. 2000ஆம் ஆண்டில நெதர்லாந்தில ரெண்டு தோல் டொக்டர்மார் ஒரு கணக்கு எழுதினவை, 500 டோல்ட்டனுக்கு (மூலக்கூறின்ட நிறையைச் சொல்லுற அலகு) மேற்பட்ட மூலக்கூறு நல்ல தோலைத் தாண்டிறது கஷ்டம் எண்டு. எஸ்ட்ராடையோல் 272. டெஸ்டொஸ்டெரோன் 288. சிகரெட்டை விடுறதுக்கு ஒட்டுற நிக்கொட்டின் வெறும் 162.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்க பெரியம்மா உள்ள இருந்து வந்து, "அப்ப எனக்கு ஏன் இன்னும் ஊசி? இன்சுலினையும் ஒரு பிளாஸ்டரில ஒட்டிவிடலாமே" எண்டு கேட்டா. இன்சுலின் 5800 பெரியம்மா. அது இந்த வழியால வராது.

சரி, மச்சாள்ட கேள்விக்கு வருவம். பாட்சுக்குள்ள மோட்டர் இல்ல, பம்ப் இல்ல, அமத்திறதுக்கு ஒண்டும் இல்ல. மருந்தைத் தள்ளுறது ஒண்டே ஒண்டு, இங்க கூட இருக்கு அங்க குறைய இருக்கு எண்ட வித்தியாசம். ஏ.எல் பிள்ளையள் பரவல் எண்டு படிக்கிறது தான், ஃபிக் எண்ட ஜெர்மன்காரர் 1855இல எழுதின விதி. பாட்சில செறிவு கூட, தோலுக்குக் கீழ ரத்தம் வந்து வந்து அள்ளிக்கொண்டு போறதால அங்க எப்பவும் கிட்டத்தட்ட ஒண்டும் இல்ல, அதால மருந்து ஒரு பக்கமா இறங்கிக்கொண்டே இருக்கும். இப்ப யோசியுங்கோ, ஏழு நாளைக்குத் தேவையான 350ஐ மட்டும் போட்டு ஒரு பாட்ச் செய்தா என்ன நடக்கும்? முதல் நாள் நிறையப் போகும், ரெண்டாம் நாள் பாட்சில செறிவு குறைஞ்சிருக்கும், போறதும் குறையும், அஞ்சாம் நாள் ஒண்டுமே இல்லாத மாதிரி. 3800 போட்டா? கிழமை முடியேக்க 3450 இருக்கும். தொடக்கத்தில இருந்த வித்தியாசம் கடைசியிலயும் பெரிசா மாறேல்ல, அதால நாளுக்கு 50 எண்ட வேகமும் பெரிசா மாறேல்ல. அப்ப அந்த மிச்சம் வீண் இல்ல, அது தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. இது விளங்கின உடன மச்சாள் சொன்னா "அப்ப நான் காசு குடுக்கிறது மருந்துக்கில்ல, தள்ளுறதுக்கு" எண்டு. நான் இதை விட வடிவா வகுப்பில சொன்னதில்ல.

இதில இருந்து வாற இன்னொரு விசயம், கழட்டின பாட்சை அப்பிடியே பாஸ்கட்டில போடக்கூடாது. அதில இன்னும் மருந்து கிடக்கு. ஒட்டுற பக்கம் ரெண்டும் உள்ளுக்குப் போற மாதிரி மடிச்சு, பிள்ளையளோ பூனை நாயோ எடுக்கேலாத மாதிரிப் போடோணும். டொய்லெட்டில ஃபிளஷ் பண்ணவும் வேணாம். கொழும்பில குப்பையைக் காகம் கிளறுற வீடுகள் எத்தினை எண்டு உங்களுக்குத் தெரியும்.

நேரக் கணக்கையும் சொல்லோணும். ஒட்டின உடன ரத்தத்தில ஏறாது, மருந்து முதல்ல அந்த மேல்படையை நிரப்போணும், பேந்து தான் கீழ இறங்கும், அதுக்கு சில மணித்தியாலம். ஏறினாப்பிறகு ஓரளவு மட்டமா நிக்கும். கழட்டினாலும் உடன நிக்காது, தோலுக்குள்ள தங்கினது கொஞ்ச நேரத்துக்கு வந்துகொண்டு தான் இருக்கும், ஒரு நாளுக்குள்ள பழைய அளவுக்கு இறங்கிடும். குளிசை எண்டா ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு மலை. மட்டமா எண்டு சொன்னாலும் கோடு போட்ட மாதிரி மட்டம் இல்ல, மச்சாள் பாவிக்கிறது கிழமைக்கு ரெண்டு தரம் மாத்திற ரகம், மாத்திற நாளுக்கு முந்தின இரவு தனக்கு திரும்ப வேர்க்குது எண்டு சொல்லுறா, எல்லாருக்கும் அப்பிடி இல்ல, ஆனா கடைசி மணித்தியாலங்களில அளவு இறங்கிறது உண்மை தான்.

பெரியம்மாக்கு விளங்காத ஒண்டு, வயித்தில ஒட்டினது எப்பிடி தலைக்குள்ள சூட்டைக் குறைக்குது எண்டு. முழங்காலுக்கு பாம் பூசினா முழங்காலுக்கு, நெத்தியில பூசினா நெத்திக்கு, அது தானே எங்கட பழக்கம். இது அப்பிடி இல்ல, இடம் வெறும் வாசல் தான். ரத்தத்தில கலந்தாப்பிறகு மூளை, எலும்பு, கர்ப்பப்பை எல்லா இடத்துக்கும் போகுது. சூடு ஏறுறதே மூளையில வெப்பத்தைப் பாத்துக்கொள்ளுற பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைஞ்ச உடன சின்ன மாற்றத்துக்கும் பதறுறதால தான்.

அப்ப வாயால குடிச்சா என்ன எண்டு கேட்டா, இங்க தான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது. விழுங்கின குளிசை குடலில இருந்து நேர ரத்தத்துக்குப் போறதில்ல, ஒரு தனி நாளத்தால ஈரலுக்குப் போகுது, ஈரல் தன்ட வேலையைச் செய்து போட்டுத் தான் மிச்சத்தை விடும். எஸ்ட்ராடையோலை ஈரலும் குடலும் சேந்து பெரும்பாலும் எஸ்ட்ரோன் எண்ட பலம் குறைஞ்ச ஒண்டாவும் வேற கழிவாவும் மாத்திப் போடும், விழுங்கினதில எஸ்ட்ராடையோலாவே தப்பி வாறது நூற்றுக்கு அஞ்சளவு தான். அதால தான் குளிசை 1 மில்லிகிராம், 2 மில்லிகிராம் எண்டு குடுக்க வேண்டியிருக்கு, பாட்சில அதின்ட இருபதில ஒரு பங்கோ நாப்பதில ஒரு பங்கோ காணும். குளிசை எடுத்தா ரத்தத்தில எஸ்ட்ரோன் எஸ்ட்ராடையோலை விடக் கனமடங்கு கூட நிக்கும், பாட்சில ரெண்டும் ஏறக்குறைய சமன், பீரியட்ஸ் நிக்க முன்னம் உடம்பில இருந்த மாதிரி.

மருந்து வீணாகிறது மட்டும் எண்டா பரவாயில்ல, கூடப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனா அவ்வளவு ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியா ஈரலுக்குள்ள போனா ஈரல் ரத்தம் உறையிறதுக்கான புரதங்களைக் கூடச் செய்யத் தொடங்கும், ட்ரைகிளிசரைட் எண்ட ரத்தக் கொழுப்பும் ஏறும். காலில ரத்தம் கட்டுறது, அது கழண்டு நுரையீரலுக்குப் போறது, இந்த ஆபத்து குளிசையில கூடுது. பாட்சில அப்பிடிக் கூடினதா பிரான்சில செய்த எஸ்தர் எண்ட ஆய்வும் காட்டேல்ல, 2019இல பிரிட்டன் டொக்டர்மார்ட பதிவுகளை வச்சு பிஎம்ஜே எண்ட மருத்துவ இதழில வந்ததும் காட்டேல்ல. ரெண்டும் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு ஒரு பக்கத்துக்குக் குளிசை மற்றப் பக்கத்துக்கு பாட்ச் எண்டு குடுத்த ஆய்வு இல்ல, நடந்ததைப் பாத்துக் கணக்கெடுத்தது, அதை மறக்கக்கூடாது. எண்டாலும் பிரிட்டனில டொக்டர்மாருக்கு வழிகாட்டி எழுதுற நைஸ் எண்ட அரச அமைப்பு 2015இல போட்ட வழிகாட்டியில உடம்பு எடை கூடின ஆக்களுக்கு, ரத்தம் கட்டுற ஆபத்து இருக்கிறாக்களுக்கு தோலால குடுக்கிறதை யோசியுங்கோ எண்டு எழுதியிருக்கு. மச்சாளுக்கு பாட்ச் வந்ததும் அதால தான்.

ஆனா "பாட்ச் எண்டா பிரச்சினை இல்லையாம்" எண்டு வாட்சப் குரூப்பில போடுறதுக்கு முன்னம் ஒரு நிமிசம். மார்புப் புற்றுநோய் ஆபத்து ஈரலைத் தாண்டிப் போறதால இல்லாமப் போறதில்ல, அது வேற கணக்கு. பிள்ளை தங்காமல் இருக்க ஒட்டுற பாட்சும் இது இல்ல. 2001இல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச அந்தப் பாட்சில இருக்கிறது எத்தினைல் எஸ்ட்ராடையோல், ஈரலால லேசில உடைக்கேலாத மாதிரி மாத்திக் கட்டின சாமான், அது தோலால வந்தாலும் ரத்தத்தோட சுத்திச் சுத்தி ஈரலுக்குப் போய் அதே வேலையைக் காட்டும். 2005இல மருந்துகளுக்கு அனுமதி குடுக்கிற அமெரிக்க எஃப்டிஏ அதில ஒரு எச்சரிக்கை சேத்தது, வழமையான 35 மைக்ரோகிராம் குளிசையை விட மொத்தத்தில அறுபது வீதமளவுக்கு கூட ஈஸ்ட்ரோஜன் உடம்புக்குள்ள போகுது எண்டு. தோலால வாறதெல்லாம் மென்மை எண்டு நினைக்கிற எங்கட ஆக்களுக்கு இது ஒண்டு காணும்.

கொழும்புச் சூட்டில இந்தப் பாட்ச் படுற பாடு தனிக்கதை. லண்டனில அசையாம இருந்ததாம், இங்க வந்த முதல் கிழமையே ஓரம் கிளம்பத் தொடங்கிட்டுது. மச்சாள் ஒட்டுறதைப் பாத்தனான், குளிச்சு, துவாயால ஒத்தி, ஃபேனுக்குக் கீழ நிண்டு, இடுப்புக்குக் கீழ வயித்துப் பக்கம் நல்லாக் காய்ஞ்சாப்பிறகு தான் கவரைக் கிழிக்கிறா. பின்னுக்கிருக்கிற தாள் நடுவில வெட்டியிருக்கு, ஒரு பாதியை உரிச்சு ஒட்டிப்போட்டு மற்றப் பாதியை இழுக்கிறது, ஒட்டுற பக்கத்தில விரல் படக்கூடாது. பேந்து உள்ளங்கையால பத்துப் பதினைஞ்சு செக்கன் அமத்திப் பிடிக்கிறா, பசை தோலில பிடிக்கிறதுக்கு அந்தச் சூடும் வேணும். எல்லாம் சரி, சேலை உடுத்தேக்க பாவாடை நாடா நேர அதுக்கு மேல! கோயிலுக்குப் போய் வர ஓரத்தில நூலும் பஞ்சும் ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. அடுத்த முறை குண்டிப் பக்கம் மேல் பகுதிக்கு மாத்தினா, அங்க ஒரு கரைச்சலும் இல்ல. மார்பில மட்டும் ஒட்டவே கூடாது, ஒரே இடத்தில திரும்ப ஒட்டுறதுக்கு ஒரு கிழமையாவது விடோணும், இல்லாட்டி தோல் சிவந்து கடிக்கத் தொடங்கும்.

வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வச்சு முழுகுற வீடு எங்கட வீடு. எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் ஒட்டப்போற இடத்தில இருக்கக்கூடாது, பசை பிடிக்காது, மருந்து போற வேகமும் மாறலாம். ஆனா கழட்டினாப்பிறகு தோலில நிக்கிற அந்தக் கறுப்புப் பசையை எடுக்க எண்ணெய் தான் நல்லம், சவர்க்காரம் போட்டு உரஞ்சினா தோல் தான் போகும். விழுந்துட்டா அதையே திரும்ப ஒட்டிப் பாக்கலாம், பிடிக்காட்டி புதுசு ஒட்டிட்டு பழைய கலண்டர்ப்படியே மாத்த வேண்டியது தான்.

வேர்வை பசைக்குத் தான் கெடுதி, சூடு அளவுக்கே கெடுதி. தோல் சூடானா ரத்த ஓட்டம் கூடும், சாந்துக் கொழுப்பும் இளகும், மருந்து கெதியாப் போகும். அதால பாட்சுக்கு மேல சுடுதண்ணிப் பையோ ஹீட் பாடோ வைக்கக்கூடாது, நேர வெயிலும் படக்கூடாது. கல்கிசைக் கடலில குளிச்சா பரவாயில்ல, உடுப்பு மூடியிருக்கும் தானே. பாட்ச் பெட்டியை வெயிலில நிப்பாட்டின வானுக்குள்ள விட்டுட்டுப் போறது தான் பிழை.

வெட்டலாமோ எண்டதும் எல்லாரும் கேக்கிறது, விலையைப் பாத்தாப்பிறகு. இது பாட்சின்ட உள்ளமைப்பைப் பொறுத்தது. 1986இல அமெரிக்காவில வந்த முதல் எஸ்ட்ராடையோல் பாட்சான எஸ்ட்ராடேர்ம் ஒரு சின்னப் பை, உள்ள அல்கஹோல் கலந்த ஜெல், அடியில வேகத்தைக் கட்டுப்படுத்துற ஒரு மெல்லிய சவ்வு. அதை வெட்டினா ஜெல் ஊத்துப்படும், அவ்வளவு தான், கட்டுப்பாடும் போச்சு. இப்ப வாறதில கனக்க மருந்தைப் பசைக்குள்ளயே கலந்த ரகம், அதில வேகத்தைத் தீர்மானிக்கிறது பரப்பளவு, 25 பாட்ச் 50 பாட்சில அரைவாசிப் பரப்பு. கணக்குப்படி பாத்தா பாதியா வெட்டினா பாதி அளவு. ஆனா உங்கட கையில இருக்கிறது எந்த ரகம் எண்டு பாத்தவுடன தெரியாது, அதைப் பார்மசியில இருக்கிறவரிட்ட கேக்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீங்கோ.

இந்த யோசினையைத் தொழிலாக்கினது உருகுவேயில பிறந்த அலெஹான்ட்ரோ ஸஃபரோனி. மெக்சிக்கோவில ஹோர்மோன் செய்யிற கொம்பனியில வேலை செய்தவர், 1968இல கலிபோர்னியாவில அல்சா எண்டு சொந்தக் கொம்பனி தொடங்கினார். உடம்பே ஹோர்மோனை ஒரேயடியாக் கொட்டாமல் ஆறுதலா விடுது, நாங்க ஏன் மருந்தை மட்டும் ஒரேயடியா விழுங்குறம் எண்டது தான் அவற்ற கேள்வி. ஆனா அனுமதி கிடைச்ச முதல் பாட்ச் ஹோர்மோன் இல்ல, 1979இல வந்த பயண வாந்திக்கான ஸ்கொப்பொலமின், காதுக்குப் பின்னால ஒட்டுறது, மூண்டு நாளைக்கு. காதுக்குப் பின்னால தோல் மருந்தை நல்லா விடும் எண்டதால. இதே காரணத்துக்காக 1993இல வந்த ஆம்பிளையளுக்கான முதல் டெஸ்டொஸ்டெரோன் பாட்சை எங்க ஒட்டச் சொன்னவை தெரியுமோ, விதைப்பையில. மச்சான் இதைக் கேட்டிட்டு எழும்பிப் போயிட்டார்.

கடைசியா ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பாட்ச் ஒட்டுற மச்சாள் ஏன் இரவில புரோஜெஸ்டெரோன் கப்சூலும் போடுறா? கர்ப்பப்பை இருக்கிறாக்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியப் போனா உள்சுவர் தடிச்சுக்கொண்டே போய் புற்றுநோய் வரைக்கும் போகலாம், அதைத் தடுக்கத் தான் புரோஜெஸ்டெரோன். அதையும் ஒட்டினா என்ன? மூலக்கூறு 314 தான், வாசலால வரும். ஆனா வாயால அது வேணும் 100, 200 மில்லிகிராம் கணக்கில, ரத்தத்தில வேண்டிய அளவும் எஸ்ட்ராடையோலை விடக் கனமடங்கு கூட, அவ்வளவைத் தோலால விடுறதெண்டா எங்கட உடம்பு காணாது. சின்னனா இருந்தா மட்டும் போதாது, மைக்ரோகிராம் கணக்கில வேலை செய்யிற அளவுக்கு பலமாவும் இருக்கோணும். அதால ரெண்டும் சேந்த பாட்சுகளில புரோஜெஸ்டெரோனை விட்டுட்டு நோரெதிஸ்டெரோன், லெவோநோர்ஜெஸ்ட்ரெல் எண்டு பலம் கூடின செயற்கைச் சாமானைப் போடுறாங்கள், மச்சாளுக்கு அது ஒத்துவரேல்ல, அதால பாட்ச் ஒரு பக்கம், கப்சூல் ஒரு பக்கம். கர்ப்பப்பை எடுத்தாக்களுக்கு வழமையா அந்தக் கப்சூல் தேவையில்ல.

"எனக்கு எப்பவோ எடுத்தாச்சு, அப்ப எனக்கு பாட்ச் மட்டும் காணும்" எண்டு பெரியம்மா சொன்னா, எழுவத்தெட்டு வயசு. 60 தாண்டினாக்களுக்கு, இல்லாட்டி பீரியட்ஸ் நிண்டு பத்து வருசம் தாண்டினாக்களுக்கு, புதுசாத் தொடங்க டொக்டர்மார் பொதுவா விரும்புறதில்ல எண்டு சொன்னன். நீ என்ன டொக்டரோ எண்டு கேட்டா.